துறைமுகம் மூடியிருந்த நாட்களின் விடுப்பு

அனுப்புநர்:
யாஸ்னா சிகுவாய் ஒயார்சோ,
(முன்னாள் தீவனப் பணியாளர், சால்மன் மீன் பண்ணை)
ஆற்றங்கரைத் தெரு,
புவெர்த்தோ அய்சேன்.

பெறுநர்:
தொழிலாளர் ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் ஆய்வு அலுவலகம்,
புவெர்த்தோ அய்சேன், சிலி.

பொருள்: பணியிலிருந்து விலகும்போது, எடுக்கப்படாத ஆண்டு விடுப்புக்குரிய தொகை மறுக்கப்பட்டது – துறைமுகம் மூடியிருந்த நாட்கள் விடுப்பாகப் பதியப்பட்டது – அப்பதிவைத் திருத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை:
1. எனது விலகல் கடிதம், நாள் 1.8.2018.
2. நிறுவனத்தின் கணக்குத் தீர்வுப் பத்திரம், நாள் 13.9.2018.

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

நடந்ததைத் தங்கள் அலுவலக முகப்பில் வாயால் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுத்தில் தருமாறு சொன்னார்கள். சொன்னபோது வரிசையாக வரவில்லை. எழுத்திலாவது வரும் என்று நம்பி இதைச் சமர்ப்பிக்கிறேன்.

1. நான் ஏப்ரல் 2015 முதல் ஆகஸ்டு 2018 வரை, பார்வையில் கண்ட நிறுவனத்தின் மீன் பண்ணையில் தீவனம் செலுத்தும் பணியில் இருந்தேன். பண்ணை, புவெர்த்தோ அகிர்ரேவுக்குத் தெற்கே நீரிணையில் உள்ளது. பணியிடம் ஒரு மிதவை. அதிலேயே அறை, சமையல், படுக்கை எல்லாம். பதினான்கு நாள் மிதவையில், பதினான்கு நாள் வீட்டில். ஒரு ஷிஃப்டில் பதினோரு பேர். கூண்டுகளுக்கு அடியில் பொருத்திய கேமராக்களின் திரைகளைப் பார்த்து, மீன்கள் உண்ணும் அளவுக்குக் குழாய்களில் தீவனம் அனுப்புவது என் வேலை. நிறுவனத்தின் பெயர் இணைப்புகளில் உள்ளது. இனி ‘நிறுவனம்’ என்றே எழுதுகிறேன்.

2. நான் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் பதிவுகளில் சில நாட்களுக்கு எதிரே ‘ஆண்டு விடுப்பு’ என்று இருக்கிறது. அவை வேலை நாட்கள். அப்படியே எழுதப்பட வேண்டும். அந்நாட்களுள் ஒன்று 11 ஜூலை 2018, புதன்கிழமை. அந்த ஒரு நாளை நம்பி என்னைத் தவிர இன்னொருவரும் இருக்கிறார்.

3. இப்பகுதித் தொழிலாளிக்குச் சட்டம் ஆண்டுக்கு இருபது வேலை நாள் விடுப்பு தருகிறது என்பது தாங்கள் அறிந்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் பணியாற்றியும் நான் ஒரு நாள்கூட எடுக்கவில்லை. கேட்கவில்லை என்பதல்ல. 2017-ல் அக்காள் மகளின் ஞானஸ்நானத்திற்காக கேய்யோன் செல்ல விடுப்பு கேட்டேன். பண்ணைத் தலைவர் திரு. எவாரிஸ்தோ கிராம், சக்கபுக்கோ துறைமுக அலுவலகத்தில் இருப்பவர், ரேடியோவில் பதில் தந்தார். அவர் பேச்சைத் திருத்தி எழுதினால் பொருள் மாறும். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“இப்ப ஆள் இல்லம்மா. லீவ சேத்து வை. வேலைய விட்டுப் போறப்ப மொத்தமா காசா கையில வரும். அப்ப ஒரு ஞானஸ்நானம் என்ன, பத்து ஞானஸ்நானம் பண்ணு.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சேர்த்து வைத்தேன்.

4. ஆகஸ்டு இறுதியில் விலகினேன். காரணம் இம்மனுவுக்குத் தேவையில்லை என முதலில் எண்ணினேன். பத்தி 8-ஐ எழுதிய பின் அப்படித் தோன்றவில்லை.

5. முன்கூட்டி அனுப்பிய கணக்குத் தீர்வுப் பத்திர வரைவில், மீதமுள்ள ஆண்டு விடுப்பு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. எப்படி என்று கேட்டேன். விடுப்பு எடுத்த நாட்களின் பட்டியலைத் தந்தார்கள். கீழே ஒவ்வொரு முறையும் என் கையொப்பம். மூன்று குளிர்காலங்கள். எல்லாம் மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டு. முதலில் ஒன்றும் விளங்கவில்லை. யார் இத்தனை விடுப்பைக் குளிர்காலத்தில், மழையில், எடுப்பார்கள் என்று மட்டும் எண்ணினேன்.

பிறகு, பலத்த காற்றில் துறைமுகத்தை மூடும்போது துறைமுக அதிகாரி வெளியிடும் அறிவிப்புகளை வாங்கி, பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

என் விடுப்பும் காற்றும் ஒரே தேதிகளில் தொடங்கி ஒரே தேதிகளில் முடிந்திருந்தன.

6. தாங்கள் இவ்வூர்க்காரர். துறைமுகம் மூடுவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மிதவையில் அது எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். எந்தப் படகும் வராது, போகாது. அலை கூண்டுகளின் கைப்பிடியைத் தாண்டும். அப்போது தீவனம் போட்டால் வீணாகும் என்பதால் குழாய்களை நிறுத்திவிடுவோம். என் திரைகளில் பச்சை நீர் மட்டும். மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும்.

தீவனம் நிறுத்தப்பட்ட நாளில் வேலை இல்லை, வேலை இல்லாத நாள் பரஸ்பர ஒப்புதலின் பேரில் ஆண்டு விடுப்பு – இதுவே நிறுவனத்தின் நிலைப்பாடு.

அந்நாட்களில் நாங்கள் செய்தவை: ஜெனரேட்டரைக் காவல் பார்த்தல். நங்கூரக் கயிறுகளைச் சுற்றிப் பார்த்தல். தண்ணீர் ஏறும் அறையிலிருந்து அதை இறைத்தல். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் ரேடியோவில் கரைக்கு நிலவரம் சொல்லுதல். ஒரு முறை நிலவரம் சொல்லப் பத்து நிமிடம் தாமதமாயிற்று. அதற்கு எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை வந்தது (இணைப்பு 4). அந்த எச்சரிக்கையின் தேதியில் நான் விடுப்பில் இருந்ததாகப் பட்டியல் கூறுகிறது.

மிதவையில் இருந்த பதினோரு பேரும் ஒரே காலையில் விடுப்பு கேட்டதாக ஆகிறது. சமையல்காரர் திருமதி உபெர்லிந்தாவும் கேட்டிருக்கிறார். ஆனால் அன்று மழைக்கு ஏற்றபடி பூசணி மாவில் சோபாயிப்பிய்யா பொரித்துப் போட்டார். சுடச்சுடச் சாப்பிட்டோம். விடுப்பில் இருக்கும் ஒருவர் விடுப்பில் இருக்கும் பத்துப் பேருக்கு ஏன் பொரிக்கிறார் என்று நிறுவனம் சொல்லவில்லை.

விடுப்பு என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள், போகலாம் என்பது. எங்களால் கதவைத் தாண்டிப் போக முடியவில்லை.

7. கையொப்பங்கள் என்னுடையவை. மறுக்கவில்லை. அவை எப்படி இடப்பட்டன என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

ஆள் மாற்றும் நாளில் படகு வரும். காற்று ஓய்ந்த சிறு இடைவெளியில் வரும். வரும்போதே படகைச் செலுத்தும் பைலட் கையில் பிளாஸ்டிக் உறையில் தாள்கள் இருக்கும்: உயிர்காப்பு அங்கி ஒப்படைத்தது, உணவு பெற்றது, கருவிகள் சரிபார்த்தது, இன்னும் சில. எல்லோரும் எல்லாவற்றிலும் கையொப்பமிட்ட பிறகே கயிற்றை அவிழ்ப்பார்கள். இது நான் சேர்வதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். தாளை இயந்திரப் பெட்டியின் மேல் வைத்து, ஒருவர் முதுகில் இன்னொருவர் மோதியபடி எழுதுவோம். பதினான்கு நாளாகக் கரையைக் காணாதவர்கள். குழந்தையைக் காணாதவர்கள். யாரும் படிப்பதில்லை.

நான் ஒரு முறை படிக்க முயன்றேன். வால்டிவியாவில் இரண்டு ஆண்டு இலக்கியம் படித்துப் பாதியில் விட்டவள் என்பதால் மிதவையில் எனக்குப் ‘பண்டிதை’ என்று பெயர். மூன்றாவது தாளுக்கு வந்தபோது பின்னாலிருந்து:

“ஏய் பண்டிதை, பரீட்சைக்கா படிக்கிற? கையெழுத்தப் போடு, காத்து திரும்புது!”

“அவ படிச்சு முடிக்கறதுக்குள்ள என் பையன் கல்யாணமே முடிஞ்சிரும்.”

“கரையில போய்ப் படிம்மா, கரையில நூலகம் இருக்கு!”

பைலட் என்னைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே காற்று திரும்பிக்கொண்டிருந்தது. மேற்கே கறுத்திருந்தது. நான் நிதானமாகப் படித்திருந்தால் பத்துப் பேர் இன்னும் மூன்று நாள் மிதவையில் இருந்திருப்பார்கள். கையொப்பமிட்டேன்.

பரஸ்பர ஒப்புதல் என்று நிறுவனம் சொல்வது இதைத்தான்.

8. 11 ஜூலை 2018.

துறைமுகம் மூடி மூன்றாம் நாள். மதிய உணவு முடிந்திருந்தது. வேலைப்படகு மிதவையின் ஓரத்தில் கட்டப்பட்டிருந்தது. அதன் முன்கயிறு அறுபடும் நிலைக்கு வந்துவிட்டது. ரேடியோ என் திரைகளுக்குப் பக்கத்தில் இருப்பதால், மிதவைப் பொறுப்பாளர் திரு. விளாதிமிர் பர்ரியா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே கரையோடு பேசினார். இருவர் பேச்சையும் நான் கேட்டேன். வேறு யாரும் அந்த அறையில் இல்லை.

திரு. கிராம்: “கயிற ரெட்டையாப் போடச் சொல்லு. எலெயோதோரோவ அனுப்பு. அவனுக்குத்தான் கயிறு தெரியும்.”

திரு. பர்ரியா: “அலை மேல ஏறி அடிக்குதுங்க ஐயா. கொஞ்சம் அடங்கட்டும்.”

திரு. கிராம்: “அடங்கற வரைக்கும் படகு நிக்குமா? போச்சுன்னா யாரு குடுப்பா? நீ குடுப்பியா? உன் பாட்டன் குடுப்பானா?”

திரு. பர்ரியா ரேடியோவை வைத்தார். சிறிது நேரம் என் திரையைப் பார்த்தார். திரையில் ஒன்றும் இல்லை. பிறகு கதவைத் திறந்து கூப்பிட்டார்.

திரு. எலெயோதோரோ ரெமோல்கோய் கையுறை மாட்டிக்கொண்டே என் ஜன்னலைக் கடந்தார். வயது நாற்பத்தாறு. மெலின்காக்காரர். என்னிடம் சொன்னார்: “பண்டிதை, ஜன்னல்ல இருந்து நல்லாப் பாத்துக்கோ. நான் செத்தா எனக்கு ஒரு கவிதை எழுதணும், ஆமா. எதுகை மோனையோட.”

பார்த்தேன்.

கயிற்றை இரும்புக் குற்றியில் ஒரு சுற்று சுற்றினார். இரண்டாவது சுற்றின்போது படகு அலையின் பள்ளத்தில் இறங்கியது. கயிறு இறுகியது. வலது கை நடுவில் இருந்தது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. காற்று.

மூன்று விரல்கள்.

திருமதி உபெர்லிந்தா சமையலறைத் துண்டுகளால் கட்டினார். கையை உயரத் தூக்கி வைக்க வேண்டும் என்று ரேடியோவில் மருத்துவர் சொன்னார். கடற்படைப் படகு மறுநாள் காலைதான் வர முடிந்தது. அதுவரை மேசையருகே உட்கார்ந்திருந்த அவரது கையை நாங்கள் பத்துப் பேரும் முறை வைத்துத் தூக்கிப் பிடித்தோம். யார் எப்போது என்று திரு. பர்ரியா பட்டியல் போட்டார், ஷிஃப்ட் போடுவதைப் போலவே. என் முறையின்போது எலெயோதோரோ கண்களை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். “கை வலிக்குதா?” என்று கேட்டார். என் கையைத்தான் கேட்டார்.

(இப்பத்தியின் பிற்பகுதி விசாரணைக்குத் தேவையற்றது எனில் நீக்கிக்கொள்ளவும். முற்பகுதியை நீக்க வேண்டாம்.)

9. பணி விபத்துக் காப்பீட்டு அமைப்பு அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. நிறுவனம் அனுப்பிய பதிவின்படி, சம்பவ நாளில் தொழிலாளி ஆண்டு விடுப்பில் இருந்தார், எனவே இது பணி விபத்து ஆகாது என்பது காரணம். கயிறு கட்டச் சென்றது அவருடைய சொந்த விருப்பம் என்றும் அதில் உள்ளது. அறுவை சிகிச்சைச் செலவு அவர் தலையில். உதவித்தொகை இல்லை. மேல்முறையீட்டிற்குக் கடைசி நாள் 31 அக்டோபர். அதற்குள் அந்தப் புதன்கிழமை வேலை நாள் என்று நிறுவப்பட வேண்டும். ரேடியோ உத்தரவைக் கேட்டவர்கள் இருவர். ஒருவர் இன்னும் அந்நிறுவனத்தில் பணிபுரிகிறார். மற்றவர் நான்.

நான் விடுப்பில் இருந்ததாக நானே எழுதிக் கொடுத்துவிட்டால், விடுப்பில் இருந்த ஒருத்தி விடுப்பில் இருந்த ஒருவருக்கு வந்த உத்தரவைக் கேட்டதாக ஆகும். யாரும் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டியதும் இல்லை.

10. செப்டம்பர் 13, தேசிய விழாவுக்கு முந்தைய வியாழன். கணக்குத் தீர்வுப் பத்திரத்தில் கையொப்பமிட நோட்டரி அலுவலகத்திற்கு வரச் சொன்னார்கள். நிறுவனத்தின் பணியாளர் பிரிவிலிருந்து திருமதி பமெலா இதுர்ரா வந்திருந்தார். பட்டியல் குறித்து நான் ஏற்கெனவே எழுத்தில் ஆட்சேபித்திருந்தேன். அவர் என்னை ஓரமாக அழைத்துச் சென்றார். செக்கைக் காட்டினார். அதில் என் விடுப்பு முழுவதற்குமான தொகை இருந்தது. ஒரு நாள் குறையாமல்.

“பாருங்க யாஸ்னா, கம்பெனி நல்லெண்ணத்துல குடுக்குது. பட்டியல் அப்படியே இருக்கட்டும். விடுப்பெல்லாம் எடுத்தாச்சு, வேற பாக்கி இல்லன்னு இந்த எடத்துல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.”

எடுத்த விடுப்புக்கு ஏன் பணம் என்று கேட்டேன்.

“ஐயோ, நீங்க படிச்சவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா? இது உங்க காசு. அவரு விஷயம் வேற. ரெண்டையும் எதுக்கு முடிச்சுப் போடுறீங்க?”

முடிச்சை நான் போடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தத் தொகை எனக்குத் தேவை. மார்ச்சில் வால்டிவியாவுக்குத் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர எண்ணியிருந்தேன். அறைக்கு முன்பணம் கேட்டிருக்கிறார்கள். இதை அனுதாபத்திற்காக எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏன் அவ்வளவு நேரம் நின்றேன் என்று நோட்டரி அலுவலகத்தில் விசாரித்தால் தெரியவரும் என்பதால் எழுதுகிறேன். குமாஸ்தா இரண்டு முறை சொன்னார்: “எழுதுறதுன்னா எழுதுங்க, பின்னால வரிசை நிக்குது. மூணு மணிக்குக் கடைய மூடிட்டு நானும் விழாவுக்கு எம்பனாதா பலகாரம் வாங்கப் போகணும்.”

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. இந்த முறை படித்தேன். முழுவதும். பிறகு, தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று கைப்பட எழுத ஒதுக்கிய இடத்தில் இப்படி எழுதினேன்: ‘துறைமுகம் மூடியிருந்த நாட்கள் விடுப்பு அல்ல. நான் மிதவையில் இருந்தேன். 11 ஜூலை 2018 உட்பட.’

திருமதி இதுர்ரா அதைப் படித்தார். செக்கை மடித்துக் கைப்பையில் வைத்தார். கோபப்படவில்லை. “சரி. அப்ப நல்லெண்ணம் இல்ல” என்றார். விழாவுக்கு வாழ்த்துச் சொன்னார். நானும் சொன்னேன்.

அன்று முதல் இன்று வரை, விடுப்புத் தொகை மட்டுமல்ல, ஆகஸ்டு மாதச் சம்பளமும் எனக்குத் தரப்படவில்லை.

11. கடந்த வாரம் நிறுவனத்திலிருந்து மறுபடி அழைத்தார்கள். புதிய பத்திரம் தயார். கைப்பட எழுதிய வரி இல்லாமல் கையொப்பமிட்டால் அதே செக், கூடவே சம்பளம். வரும் வெள்ளி, 19 அக்டோபர், மாலை மூன்று மணி வரை. அதற்குப் பிறகு நான் வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். வழக்குக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று அவர்களும் அறிவார்கள், நானும் அறிவேன். 31-ஆம் தேதி அதற்குக் காத்திருக்காது.

திரு. பர்ரியாவும் அழைத்தார். மிதவையிலிருந்து. பின்னணியில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது.

“தங்கச்சி, உனக்கென்ன, நீ எறங்கிட்ட. நாங்க இன்னும் மேல இருக்கோம். இத நோண்டுனா பண்ணைய மூடிட்டு தெக்க மகய்யானெஸுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்களாம், கிராம் சொல்றாரு. காச வாங்கிட்டு நிம்மதியாப் போயேன்.”

ரேடியோவில் கேட்டதைச் சொல்வீர்களா என்று கேட்டேன்.

“எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு.”

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் வைத்தேன். அவரைக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. தாங்கள் அவரை விசாரிக்க நேர்ந்தால், பண்ணைத் தலைவர் இல்லாத இடத்தில் விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

12. திரு. எலெயோதோரோ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இதைக் குறிப்பிடக் காரணம், அவர் தூண்டுதலில் நான் புகார் செய்வதாக நிறுவனம் சொல்லக்கூடும். இம்மனுவின் முதல் வடிவத்தை ஞாயிறன்று அவர் வீட்டில் படித்துக் காட்டினேன். அவர் மனைவி மாத்தே இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவர் இடது கையால் வாங்கினார். வெள்ளிக்கிழமை விவரம் வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

“அப்ப நீ கையெழுத்துப் போட்டா உனக்கு முழுக் காசு. போடலன்னா ஒண்ணுமில்ல.”

ஆம் என்றேன்.

“உங்க பல்கலைக்கழகத்துல கணக்குச் சொல்லித் தரலயா?”

அவர் மனைவி, “சும்மா இருங்க” என்றார்.

“நான் சும்மாதான இருக்கேன். விரல் மூணும் லீவுல போயிருக்கு. இன்னும் திரும்பல. அதுங்க வரட்டும், எல்லாரும் சேந்து வேலைக்குப் போவோம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பிறகு, “மிச்சத்தையும் படி” என்றார். கவிதை பற்றிய வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார், அதிகாரி என்ன நினைப்பார் என்று. உத்தரவு வந்த பிறகே அவர் வெளியே சென்றார் என்பதற்கு அந்தப் பேச்சும் ஒரு சான்று என்று விளக்கினேன். ஒப்புக்கொண்டார்.

13. நிறுவனம் முன்வைக்கக்கூடிய ஒரே வலுவான வாதம் கையொப்பங்கள். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் துறைமுக அதிகாரியின் அறிவிப்புகளில் என் கையொப்பம் இல்லை. காற்றை நானோ நிறுவனமோ எழுதவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மேசை போதும். அதற்கு அதிகாரம் உள்ள மேசை தங்களுடையது மட்டுமே.

14. ஆகவே, தங்களை வேண்டுவது:

(அ) 2016 முதல் 2018 வரை துறைமுகம் மூடப்பட்ட தேதிகளையும், அம்மிதவைப் பணியாளர் அனைவரின் விடுப்புப் பதிவுகளையும், ரேடியோ நிலவரக் குறிப்புகளையும் வரவழைத்து ஒப்பிட வேண்டும்.

(ஆ) வெள்ளிக்கிழமைக்கு முன் நிறுவனத்தைத் தங்கள் முன்னிலையில் சமரச விசாரணைக்கு அழைத்து அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு சென்றுவிட்டால் அந்த மூன்று மணி என்னை ஒன்றும் செய்யாது. நான் உறுதியானவள் என்று எண்ணிக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை வரை தனியாக உறுதியாக இருப்பது சிரமமாக இருக்கிறது.

(இ) 11 ஜூலை 2018 வேலை நாள் என்பதைத் தனியாக, எழுத்தில், அக்டோபர் முடிவதற்குள் உறுதிசெய்து தர வேண்டும்.

(ஈ) எனக்குச் சேர வேண்டிய விடுப்புத் தொகையையும் ஆகஸ்டு சம்பளத்தையும் பெற்றுத்தர வேண்டும்.

இந்நான்கையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது எனில், (ஈ) கடைசியாக வரட்டும். (இ) முதலில் வர வேண்டும்.

இதை நான் வேறு யாருடைய கட்டாயமும் இன்றி, நிதானமாக, கரையில், படித்துப் பார்த்த பின் கையொப்பமிடுகிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
யாஸ்னா சிகுவாய் ஒயார்சோ

இடம்: புவெர்த்தோ அய்சேன்
நாள்: 16.10.2018, செவ்வாய்

இணைப்புகள்:
1. கணக்குத் தீர்வுப் பத்திரம், கைப்பட எழுதிய வரியுடன்.
2. விடுப்புப் பட்டியல்.
3. துறைமுகம் மூடல் அறிவிப்புகள்.
4. ரேடியோ நிலவரத் தாமதத்திற்கான எச்சரிக்கை.
5. காப்பீட்டு அமைப்பின் நிராகரிப்பு, சம்பந்தப்பட்டவர் சம்மதத்துடன்.

பத்தி 8, 9, 12 ஆகியவற்றுக்குச் சாட்சி:

(ஒப்பம்)
எலெயோதோரோ ரெமோல்கோய் பார்கஸ்

குறிப்பு: சாட்சியின் கையொப்பம் இடது கையால் இடப்பட்டது. நிறுவனத்திடம் உள்ள அவருடைய பழைய கையொப்பங்களோடு இது பொருந்தாது. பொருந்தவில்லை என நிறுவனம் ஆட்சேபித்தால், கையொப்பம் எந்த நாளோடு மாறியது என்று அவர்களையே கேட்குமாறு வேண்டுகிறேன். அந்த நாள் விடுப்பா வேலையா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.